சின்னத் தலைக்கு ஒரு குல்லா

(தென்காசியில் தாய்மார் கூட்டமொன்றில், குழந்தைகள் வார்டில் பணிபுரியும் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மருத்துவப் பணிக்கு நீங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் துணை நிற்கிறீர்கள். இன்றைக்கு உங்களிடம் பணம் கேட்க நான் வரவில்லை. உங்கள் கைகளைக் கேட்க வந்திருக்கிறேன். பிறந்த குழந்தைக்கு ஒரு குல்லா பின்னித் தர வேண்டும். அதுவும் கையால் சாயமிட்ட பருத்தி நூலில் பின்ன வேண்டும். இது சின்ன வேலைதான். ஆனால் எப்படியும் செய்துவிடலாம் என்கிற வேலை அல்ல. ஆகவே ஏன், எப்படி என்று கொஞ்சம் விவரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

"நம் ஊர் வெயிலுக்குக் குழந்தைக்குக் குல்லா எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் இந்த ஊரின் நிலையே வேறு. ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்டு வரைக்கும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் தென்காசி முழுவதையும் நனைத்துவிடுகின்றன. பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்துவிட்டு வருகிற பெரியவர்களே நடுங்குகிறார்கள். கடைவீதியில் மங்கி குல்லா வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அந்த நாட்களில்தான் கிராமத்திலிருந்து ஈரப் புடவையோடு கர்ப்பிணிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறார்கள். பிறக்கிற குழந்தை பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவும் முடியாது.

சாரல் இல்லாத மாதங்களிலும் இந்த ஆபத்து இருக்கிறது. தாயின் வயிற்றில் ஏறக்குறைய 37 டிகிரி சூட்டில் இருந்த குழந்தை, உடம்பெல்லாம் ஈரமாக வெளியே வருகிறது. ஈரம் காயும்போது உடம்பின் சூட்டையும் கொண்டுபோகிறது. துடைத்து மூடாமல் விட்டால் முதல் 10, 20 நிமிடத்துக்குள்ளேயே உடல் சூடு 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். நமக்கு இதமாக இருக்கிற மின்விசிறிக் காற்று அந்தக் குழந்தைக்குக் குளிர்காற்று.

பிறந்த குழந்தையின் உடல் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால், சூட்டைக் காத்துக்கொள்வதற்காகக் குழந்தை தன் உடம்பிலுள்ள சர்க்கரையையும் பிராணவாயுவையும் செலவழிக்கிறது. சர்க்கரை குறைந்தால் சோர்ந்துபோய்ப் பால் குடிக்காது. பால் குடிக்காவிட்டால் இன்னும் குளிர்ந்துபோகும். இது ஒரு சுழல். பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவான எடையுள்ள குழந்தையும், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையும் இந்தச் சுழலில் மிக எளிதாகச் சிக்கிக்கொள்கின்றன. தோலுக்கு அடியில் அவற்றுக்குக் கொழுப்பு மிகக் குறைவு.

இதில் தலைக்கு என்ன பங்கு என்று பாருங்கள். பெரியவர்களின் உடல் பரப்பில் தலையும் கழுத்தும் ஏறக்குறைய 100-க்கு 9 பங்கு. பிறந்த குழந்தைக்கோ அது ஏறக்குறைய 20 பங்கு. உடம்பையெல்லாம் துணியால் சுற்றிவிட்டுத் தலையைத் திறந்து வைத்தால், வீட்டின் கதவுகளையெல்லாம் அடைத்துவிட்டுக் கூரையில் ஓட்டையை விட்டதுபோல ஆகும்.

ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தையைக் காப்பது தாயின் மார்பு. குல்லா அதற்குத் துணை. 1978-ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், இன்குபேட்டர் போதாத நிலையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து வைத்துக் கட்டும் முறையைத் தொடங்கினார். இன்று அதைக் கங்காரு தாய் பராமரிப்பு என்கிறோம். குழந்தைக்கு இடுப்பில் ஒரு துணி, காலுக்குச் சாக்ஸ், தலைக்குக் குல்லா, அவ்வளவுதான். மற்றச் சூடெல்லாம் தாயினுடையது. முதுகைத் தாயின் ஆடையும் துணியும் மூடிக்கொள்ளும். வெளியே தெரிவது தலை மட்டும். அந்தத் தலைக்குத்தான் குல்லா.

இதன் பலனை உலக சுகாதார நிறுவனம் சோதித்தும் பார்த்திருக்கிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் 5 மருத்துவமனைகளில், 1 கிலோவுக்கு மேலும் 1.8 கிலோவுக்குக் கீழும் எடையுள்ள 3,211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. நிலைமை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்தவுடனே தாயின் மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகளில் 28 நாளைக்குள் இறந்தவர்கள் 100-க்கு 12 பேர். காத்திருந்து வைக்கப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 16 பேர். நூற்றுக்கு நான்கு குழந்தைகள், சகோதரிகளே! அந்த நான்கு வீடுகளை நினைத்துப் பாருங்கள். நாம் பின்னுகிற குல்லா இந்தப் பராமரிப்பில் ஒரு சின்னப் பங்கு.

ஊசியும் நூலும் நம் பகுதித் திருச்சபைகளுக்குப் புதியவை அல்ல. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியரில் மார்த்தா அம்மையார் அங்குள்ள பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் சிலர் அடிமைகளாக இருந்தவர்கள். லேஸ் விற்ற கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா 1844-இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து, நம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். லேஸ் வேலையும் அவரோடு அங்கே வந்தது. வேதாகமத்திலும் யோப்பா பட்டணத்துத் தொற்காள் விதவைகளுக்கு ஆடை செய்து கொடுத்தவள். சாய வேலையை எடுத்துக்கொண்டால், தியத்தீரா ஊரைச் சேர்ந்த லீதியாள் இரத்தாம்பரம் விற்றவள். ஆகவே இந்தக் கூட்டத்தில் நூலைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் பேசுவது நம் வழக்கத்துக்குப் புறம்பானதல்ல.

இனி வேலைக்கு வருவோம். முதலாவது நூல். கடையில் "உல்லன் நூல்" என்று கேட்டால் கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். ஆட்டு ரோமம் அல்ல. அக்ரிலிக் செடிச் சாயத்தைப் பிடிக்காது. வியர்வையையும் உறிஞ்சாது. உண்மையான கம்பளி நூல் நல்ல சூடு தரும். ஆனால் ஆஸ்பத்திரிச் சலவையில் வெந்நீரில் போட்டால் சுருங்கிக் கட்டியாகிவிடும். ஆகவே நம் ஊருக்குச் சாயமிடாத, மெல்லிய, முறுக்குக் குறைந்த பருத்தி நூலே ஏற்றது. வெந்நீருக்கும் சோப்புக்கும் தாங்கும். சிட்டமாக வாங்குங்கள். உருண்டையாகச் சுற்றிய நூலில் சாயம் உள்ளே இறங்காது.

இரண்டாவது நிறம். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். மஞ்சள் நிறம் வேண்டாம். மஞ்சள் மங்கலம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அன்பினால்தான் மஞ்சளில் முக்கிக் கொடுக்கிறோம். ஆனால் நிறை மாதத்தில் பிறந்த 100 குழந்தைகளில் ஏறக்குறைய 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் தோல் மஞ்சளிக்கிறது. பெரும்பாலும் அது தானாக மறையும். சில குழந்தைகளுக்கு அதிகமாகி மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகும். அதை முதலில் கண்டுபிடிப்பது தாயின் கண்ணும் செவிலியரின் கண்ணும்தான். நெற்றியிலும் முகத்திலும் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறோம். நெற்றியை ஒட்டி மஞ்சள் குல்லா இருந்தால் அதன் நிழல் தோலில் விழுந்து, உள்ளதை மறைக்கும், இல்லாததைக் காட்டும். மேலும் சமையல் மஞ்சள் வெயிலில் வெளிறும், சோப்பு பட்டால் சிவக்கும், ஈரத்தில் கசியும். வெங்காயத் தோலும் மாதுளைத் தோலும் மஞ்சள் வகைதான். அவற்றை வேறு துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சிபாரிசு செய்வது மஞ்சிட்டி. பெயரில் மஞ்சள் போலத் தோன்றினாலும் அது தருவது செங்கல் சிவப்பு. நாட்டு மருந்துக் கடையில் வேராகவோ பொடியாகவோ கிடைக்கும். நம் கடற்கரை மணலில் விளைந்த சாயவேரும் இதே குடும்பத்துச் செடிதான். அந்த வேரின் சிவப்புக்காக வெளிநாட்டு வியாபாரிகள் ஒரு காலத்தில் தமிழகக் கடற்கரைக்கு வந்தார்கள்.

100 கிராம் நூலுக்கு அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தாத எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைத் தனியாக வையுங்கள். முதலில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு நூலை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். நூலிலுள்ள எண்ணெயும் மெழுகும் போனால்தான் சாயம் ஏறும். அடுத்து 20 கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து, அதில் நூலை ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். மறுநாள் 20 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதிலும் ஓர் இரவு ஊறவையுங்கள். கடுக்காயும் படிகாரமும் சேர்ந்துதான் சாயத்தை நூலோடு பிணைத்து வைக்கின்றன. இந்த இரண்டு இரவுகளைச் சுருக்கினால் மூன்றாவது சலவையில் நிறம் போய்விடும். மயில்துத்தம் போன்றவற்றை நிறம் கூடுவதற்காகச் சேர்க்காதீர்கள். குழந்தை குல்லாவை இழுத்து வாயில் வைக்கும்.

பிறகு 50 கிராம் மஞ்சிட்டிப் பொடியை முந்தின இரவே ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அந்தச் சாயத்தில் நூலைப் போட்டு ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். கொதிக்க விடாதீர்கள். கொதித்தால் சிவப்பு பழுப்பாகிவிடும். கை பொறுக்காத சூடு, ஆனால் குமிழி வரக்கூடாது, அதுதான் பக்குவம். அப்படியே ஆறவிட்டு மறுநாள் எடுத்து அலசுங்கள்.

கடைசியாகச் சோதனை. அலசுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பிறகு சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் மூன்று முறை துவைத்து, நூல் ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் துணியில் கறை பட்டால் அந்த நூல் குழந்தைக்கு ஆகாது. வீட்டுக்கு மிதியடி பின்னிக்கொள்ளலாம்.

"கடையில் சாயப் பொட்டலம் வாங்கி முக்கினால் ஒரு மணி நேரத்தில் முடியுமே" என்று கேட்பீர்கள். என்ன சாயம் என்று தெரியாத பொட்டலத்தைக் குழந்தையின் தோலுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். தீங்கான பொருள்களாகப் பிரியக்கூடிய 70 அசோ சாயங்களுக்கு மத்திய அரசு 1997-இல் தடை விதித்தது. சாயத் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்குத் திருப்பூரின் நொய்யல் ஆறு சாட்சி. கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. குற்றாலத்து அருவி நீரெல்லாம் சிற்றாறாகி, நம் ஊர் வழியாக ஓடித் தாமிரபரணியில் சேருகிறது. செடிச் சாயமே ஆனாலும் மீதித் தண்ணீரை ஆற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். கிணற்றுக்குத் தள்ளி, வெறும் மண்ணில் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

இனிப் பின்னல். உங்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த விரல்களின் வேகமும் நிதானமும் பின்னலுக்கு வெகு பொருத்தம். ஒன்றுமட்டும் செய்யுங்கள்: புகையிலைத் தூள் பட்ட கையோடும் சேலையோடும் நூலைத் தொடாதீர்கள். சோப்பு போட்டுக் கை கழுவி, வேறு சேலை மாற்றி, சுத்தமான துணியை மடியில் விரித்து உட்காருங்கள்.

10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 24 கண்ணி வரும்படி பின்ன வேண்டும். முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கூடுதலாக வந்தால் தடித்த ஊசி, குறைவாக வந்தால் மெல்லிய ஊசி. நிறை மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 33 முதல் 36 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதற்கு 72 கண்ணி போடுங்கள். ஒன்றரைக் கிலோ குழந்தைக்குத் தலை ஏறக்குறைய 28 சென்டிமீட்டர்தான். அதற்கு 64 கண்ணி போதும். விளிம்பில் 3 சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணி நிட், இரண்டு கண்ணி பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் இழுத்துக் கொடுக்கும், நெற்றியை இறுக்காது. விளிம்போடு சேர்த்துப் பெரிய குல்லா 9 சென்டிமீட்டரும், சின்னக் குல்லா 8 சென்டிமீட்டரும் உயரம் வந்ததும் குறைக்கத் தொடங்குங்கள். 72 கண்ணிக்கு, 7 கண்ணி பின்னி அடுத்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். வரிசை முழுவதும் இப்படியே. 64 கண்ணிக்கு 6 பின்னி இரண்டைச் சேர்க்க வேண்டும். அடுத்த வரிசை குறைக்காமல் பின்னுங்கள். அதற்கடுத்த வரிசையில் இடையிலுள்ள கண்ணியை ஒன்று குறைத்துக்கொண்டு மறுபடியும் சேருங்கள். இப்படி ஒன்று விட்டு ஒரு வரிசையாகக் குறைத்து வந்தால் கடைசியில் 8 கண்ணி நிற்கும். நூலை அதனூடே கோத்து இழுத்து, பக்கத்தைத் தைத்து முடியுங்கள்.

தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். குழந்தையின் தோலில் உறுத்தக்கூடாது. பொத்தான், குஞ்சம், ரிப்பன், மணி எதுவும் வேண்டாம். கழன்று வாய்க்குள் போனால் ஆபத்து. நாடா கழுத்தில் சுற்றினாலும் ஆபத்து. அழகுக்கு இரண்டு வெள்ளைக் கோடு போதும். அந்தக் கோட்டுக்கும் ஒரு வேலை கொடுப்போம்: சின்ன அளவுக்கு இரண்டு கோடு, பெரிய அளவுக்கு ஒரு கோடு. இரவு வேலையில் செவிலியர் பெட்டியில் கைவிட்டால் அளவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் பெரிய குல்லா பின்னத்தான் ஆசை வரும். சின்னதுதான் அதிகம் தேவை. பெரிய குல்லா சின்னத் தலையில் நழுவி, கண்ணையும் மூக்கையும் மூடிவிடும்.

குல்லாவை எப்போது கழற்ற வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். மஞ்சள் காமாலைக்காக விளக்கின் கீழே வைக்கும்போது நாங்களே கழற்றிவிடுகிறோம். வெயில் கொளுத்துகிற பகலிலும், குழந்தையின் முகம் சிவந்து வியர்த்திருக்கும்போதும் வேண்டாம். நல்ல எடையோடு வீட்டுக்குப் போன குழந்தையைக் குல்லாவோடு தூங்க வைக்காதீர்கள். குழந்தைக்கு அதிகச் சூடும் ஆகாது. பிறந்த அன்றே குளிப்பாட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குறைந்தது 24 மணி நேரம் பொறுத்துக் குளிப்பாட்டுவதே நல்லது. பேரன் பேத்தி பிறக்கிற வீட்டில் இதைச் சொல்ல வேண்டியவர்கள் பாட்டிமாராகிய நீங்கள்தான். மருமகள் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொன்னால் எடுபடும்.

பல கைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2016 ஜனவரி 31-ஆம் தேதி சென்னையில், மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழுவைச் சேர்ந்த பெண்கள், தாங்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னிய துண்டுகளையெல்லாம் சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கினார்கள். அது கின்னஸ் சாதனையாயிற்று. பின்பு அவற்றைப் பிரித்துப் போர்வைகளாக ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். நாம் சாதனை எதுவும் செய்ய வேண்டாம். ஒருவர் மாதம் ஒரு குல்லா பின்னினால் போதும். அடுத்த சாரல் தொடங்கும்முன் ஒரு பெட்டி நிறைந்துவிடும்.

அன்பானவர்களே, கொடுக்கிறவர்களுக்கு எது அழகு என்பதல்ல, வாங்குகிற குழந்தைக்கு எது தேவை என்பதே நம் அளவுகோலாக இருக்கட்டும். மஞ்சளை விடுவது உங்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். இரண்டு இரவு ஊறவைப்பது அலுப்பாக இருக்கலாம். கறை பட்ட நூலை ஒதுக்கும்போது மனசு கேட்காது. ஆனாலும் 1,500 கிராம் எடையுள்ள ஒரு குழந்தை தாயின் மார்பில் கண்மூடிக் கிடக்கும்போது அதன் தலையில் இருக்கப்போவது உங்கள் கைவேலை.

கூட்டம் முடிந்ததும் மேசையில் வைத்திருக்கிற மாதிரிக் குல்லாக்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்னத் தெரியாதவர்கள் தெரிந்தவர்கள் அருகில் உட்காருங்கள். முடித்த குல்லாவைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, புதிய காகித உறையில் போட்டு, அளவை மேலே எழுதிக் கொண்டுவாருங்கள். எங்கள் வார்டிலிருக்கிற தாய்மாரையும் சிசுக்களையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.